இனிக்கப் பேசுவதா ஹெச்.ஆர். வேலை?

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு பெண் பி.காமோ பி.பி.ஏ.வோ முடித்துவிட்டு வீட்டில் இருந்தால், அடுத்து என்ன என்று அவள் யோசிப்பதற்குள் தெரு யோசித்துவிடும். கணக்கில் கெட்டி என்றால் பேங்க் பரீட்சை. பேச்சில் கெட்டி என்றால் ஹெச்.ஆர். "நாலு பேரைப் பார்த்தா சிரிச்ச மொகமாப் பேசுற, உனக்கு ஹெச்.ஆர்.தான் சரி" என்று எனக்கும் சொன்னார்கள். கல்லூரியில் கேம்பஸ் வேலைகளைக் கவனித்தவரும் அதையேதான் சொன்னார். ஒரு பெரிய நிறுவனத்தில் ஹெச்.ஆர். அப்ரண்டிஸ் இடத்துக்கு என்னை நேர்காணல் செய்தவர்கள், கோபமாக வரும் ஊழியரை எப்படிச் சமாதானப்படுத்துவேன் என்று மூன்று விதமாகக் கேட்டார்கள். அவருடைய கோபத்துக்குக் காரணமான சம்பளச் சீட்டைச் சரிபார்க்கத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஹெச்.ஆர். என்பது வாய்த்திறமைத் தொழில் என்ற இந்த நம்பிக்கை எங்கள் தெருவிலும் இருக்கிறது, கண்ணாடிக் கட்டடத்தின் மேல்மாடியிலும் இருக்கிறது. பிள்ளைகள் எதையோ தப்பாக நினைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள் என்பதோடு போய்விட்டால் இதை நான் எழுதவே வேண்டாம். இந்த நம்பிக்கையால் கூலிக்காரர்களின் காசு போகிறது. அது போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். போனதில் எனக்கும் பங்கு இருந்தது.

சேர்ந்த முதல் இரண்டு மாதங்கள் எனக்குக் கொடுத்த வேலைகள்: பிறந்தநாள் பட்டியல், புதிதாகச் சேருபவர்களுக்கான பை, ரங்கோலிப் போட்டி, வரவேற்புப் பேச்சு. எல்லாவற்றையும் ஆசையாகத்தான் செய்தேன். மூன்றாவது மாதம் எங்கள் தளத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்கா ஒருவர் என்னைத் தேடி வந்தார். கான்ட்ராக்ட் ஆள். ஸ்ரீராம்புரத்துக்காரர், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஜனவரியில் ராஜாஜிநகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் அவருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்திருந்தது. நாற்பது நாள் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தார்.

"பாப்பா, ஆபரேஷன் நல்லபடியாப் பண்ணாங்க. ஆனா வூட்ல இருந்த நாளுக்குக் காசு கெடையாதுன்றாங்க. நாளு பத்தலியாம். நான் எந்த நாளு வேலைக்கு வரல, நீயே சொல்லு."

நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். அரை மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டேன். "நான் பேசுறேங்க்கா" என்றேன். கான்ட்ராக்டர் ஆபீசுக்கு நல்ல ஆங்கிலத்தில் ஒரு மெயில் அனுப்பினேன். இது இ.எஸ்.ஐ. எடுத்த முடிவு, நாங்கள் செய்ய ஒன்றுமில்லை என்று அவர்களும் நல்ல ஆங்கிலத்தில் பதில் போட்டார்கள். அதை அக்காவிடம் சொன்னேன். "நீ இவ்ளோ தூரம் கேட்டியே, அதுவே போதும் பாப்பா" என்று எழுந்து போனார். அந்த மாதம் என் பயிற்சி அறிக்கையில், ஊழியர்களைக் கனிவோடு அணுகுகிறார் என்று எழுதி நல்ல மதிப்பெண் போட்டிருந்தார்கள்.

டைம் ஆபீசில் ஒரு பெரியவர் இருந்தார். கன்னடக்காரர், அதிகம் பேசமாட்டார். வேறொரு வேலையாக அங்கே போனபோது இந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அவரிகெ எஷ்டு நம்பர் இதெ?" அவருக்கு எத்தனை நம்பர் இருக்கிறது?

இரண்டு இருந்தது. முந்தைய ஜூலை ஒன்றாம் தேதி ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டர் மாறியிருந்தார். ஆட்கள் அதே ஆட்கள், துடைப்பம்கூட மாறவில்லை. புதிய கான்ட்ராக்டரின் ஆள் சேர்க்கைப் படிவத்தில், ஏற்கனவே காப்பீட்டு எண் உண்டா என்ற கட்டத்தை யாரையும் கேட்காமல் "இல்லை" என்று நிரப்பிவிட்டார். அக்காவுக்குப் புது எண் பிறந்தது. இ.எஸ்.ஐ. கணக்கில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தா காலம். அதில் 78 நாள் சந்தா இருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்வாய்ப்பட்டால் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அக்காவின் பழைய எண்ணில் ஏப்ரல், மே, ஜூன் சேர்த்து 75 நாள். மூன்று நாள் குறைவு. புது எண்ணில் ஜூலை முதல் செப்டம்பர் வரை 74 நாள். புதிதாகச் சேர்ந்தவராகக் கணக்கு காட்டுவதால் அந்த எண்ணில் பலன் தொடங்க ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். ஆபரேஷன் நடந்தது ஏழாவது மாதத்தில். மொத்தம் 149 நாள் உழைத்த ஒருவர், இரண்டு எண்களுக்கு நடுவே விழுந்து, ஒரு நாளும் தகுதியில்லாதவராகிவிட்டார்.

நான் அந்த அரை மணி நேரத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அது எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் மறுநாளே வேலை ஆரம்பித்திருக்கும். டைம் ஆபீஸ் பெரியவர் கேட்ட பிறகுதான் அது ஆரம்பித்தது: இரண்டு எண்களையும் இணைக்கக் கடிதம், பழைய கான்ட்ராக்டரிடமிருந்து பணிச் சான்று, கிளை அலுவலகத்துக்கு மூன்று நடை. பணம் கைக்கு வந்தபோது ஜூலை ஆகிவிட்டது. அதற்குள் அக்காவின் கம்மல் ஸ்ரீராம்புரம் சேட்டுக் கடைக்குப் போயிருந்தது. மாதா மாதம் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. என் கனிவுக்கு யார் வட்டி கட்டினார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

"அவர் கான்ட்ராக்டர் ஆள், நம் பொறுப்பு இல்லை" என்று எங்கள் பிரிவில் மூத்தவர்களே சொன்னார்கள். அதுவும் தப்பு. கான்ட்ராக்டர் மூலம் வரும் ஆளுக்கும் சந்தாவை முதலில் கட்ட வேண்டியவர் முதன்மை வேலையளிப்பவர் என்று 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 40-ஆம் பிரிவு சொன்னது. எத்தனை இனிமையாகச் சொன்னாலும் சட்டத்துக்கு மாறான பதில் சட்டத்துக்கு மாறானதுதான்.

இந்த வேலை எதற்காகப் பிறந்தது என்பதையே நாம் மறந்துவிட்டோம். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பின்னி மில், ராஜா மில் என்று சொல்லாத பாட்டன்மார் குறைவு. ராஜா மில் இருந்த இடத்தில் இன்று மந்திரி மால் நிற்கிறது. அந்தக் காலத்து இந்திய ஆலைகளில் ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் மேஸ்திரி கையில். வேலைக்கு மாமூல், லீவுக்கு மாமூல், திரும்ப எடுக்க மாமூல். 1929-இல் அமைந்து 1931-இல் அறிக்கை கொடுத்த விட்லி தலைமையிலான ராயல் கமிஷன், இந்த அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து எடுத்து லேபர் ஆபீசர் என்ற பதவியிடம் கொடுக்கச் சொன்னது. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, 500 தொழிலாளர்கள் இருக்கும் ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆக்கியிருக்கிறது. இன்றைய ஹெச்.ஆர். இந்த வழியில் வந்தது.

யோசித்துப் பாருங்கள். மேஸ்திரிக்குப் பேசத் தெரியாதா? ஆலையில் அவரைவிட ஆள் அறிந்து பேசத் தெரிந்தவர் யார்? தொழிலாளியின் ஊர் தெரியும், சாதி தெரியும், கடன் தெரியும், எந்த நேரத்தில் தோளில் கை போட வேண்டும் என்பது தெரியும். ஒருவர் வாயிலும் மனதிலும் இருந்த கணக்கைப் பதிவேட்டுக்குக் கொண்டுவரத்தான் இந்தப் பதவியே உருவானது. பேச்சே தகுதி என்று சொல்லி ஆள் எடுக்கும்போது, ஏ.சி. அறையில் மறுபடியும் மேஸ்திரியைத்தான் உட்கார வைக்கிறோம்.

இதன் விலை எவ்வளவு பெரிதாக முடியும் என்பதற்கு எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கோலார் மாவட்டம் நரசாபுரத்தில் ஐபோன் தயாரித்த விஸ்ட்ரான் ஆலை. 2020 டிசம்பர் 12 காலை, ஷிப்ட் முடிந்த நேரம், தொழிலாளர்கள் ஆலையை அடித்து நொறுக்கினார்கள். உடைந்த கண்ணாடிகளையும் கவிழ்ந்த வண்டிகளையும் நாடே டி.வி.யில் பார்த்தது. அதற்குப் பிறகு வந்த அறிக்கையைப் படித்தவர்கள் குறைவு. கர்நாடகத் தொழிற்சாலைகள் துறையின் முதற்கட்ட அறிக்கை சொன்னது இது: குறுகிய காலத்தில் ஆட்களின் எண்ணிக்கை 5,000-லிருந்து 10,500 ஆனது, ஆனால் தொழிலாளர் சட்டங்களை நன்கு அறிந்தவர்களைக் கொண்டு மனிதவளப் பிரிவு போதிய அளவில் அமைக்கப்படவில்லை. வருகைப் பதிவு இயந்திரத்தில் கோளாறு இருந்தது, அது சரிசெய்யப்படவில்லை. ஷிப்ட் எட்டு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரமானது, அதற்கான கூலிக் கணக்கு தொழிலாளிக்கு விளங்கவில்லை. சில தொழிலாளர்களுக்குச் சம்பளம் சரியாகப் போகவில்லை என்று நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நொறுக்கியதை நான் நியாயப்படுத்தவில்லை. அதற்காகப் போட்ட வழக்கில் சிறைக்குப் போன பிள்ளைகளின் வாழ்க்கையும்தான் நொறுங்கியது. ஆனால் அந்த அறிக்கையில் குறை என்று எழுதியிருப்பது சட்ட அறிவு. சிரித்துப் பேசும் ஆள் போதவில்லை என்று அதில் எங்கும் எழுதவில்லை.

தொழிலாளிக்கு ஆறுதல் போதும், கணக்கு அவருக்குப் புரியாது என்ற எண்ணம் இந்த நம்பிக்கைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. 2016 ஏப்ரலில் பெங்களூர் கார்மென்ட்ஸ் பெண்கள் அந்த எண்ணத்தை ஒசூர் ரோட்டில் வைத்து உடைத்தார்கள். பி.எஃப்.பில் நிறுவனம் கட்டும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று அந்த ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஏப்ரல் 18-ஆம் தேதியும் 19-ஆம் தேதியும் தையல் மெஷினை விட்டு எழுந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சாலைக்கு வந்தார்கள். பீன்யா பக்கமும் போக்குவரத்து நின்றது. 19-ஆம் தேதியே அரசு விதியைத் திரும்பப் பெற்றது. பெரிய சங்கத் தலைவர் யாரும் அழைத்து வந்த கூட்டம் இல்லை அது. மகள் கல்யாணத்துக்கும் வீட்டு அட்வான்சுக்கும் அந்தப் பணத்தை நம்பியிருந்தவர்கள். தங்கள் பி.எஃப்.பில் எது யார் பங்கு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்ரண்டிஸாக இருந்தபோது எனக்கு அது தெரியாது.

எல்லாவற்றையும் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்கிறது, மனிதர் செய்ய மிச்சம் இருப்பது பேச்சுதானே என்று கேட்கிறார்கள். அக்காவுக்கு இரண்டாவது எண்ணைக் கொடுத்தது சாஃப்ட்வேர்தான். "இல்லை" என்று நிரப்பினால் அது புது எண் கொடுக்கும், அதற்கு அவ்வளவுதான் தெரியும். ஆதாரில் "செல்வி", பி.எஃப்.பில் "எஸ். செல்வி" என்று இருந்தால் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பும். நம் தமிழ்ப் பெயர்களின் இன்ஷியல் படுத்தும் பாடு இந்த ஊரில் ஒவ்வொரு பேரோல் மேசைக்கும் தெரியும். வேலையை விட்ட தேதியைப் பழைய நிறுவனம் ஏற்றாமல் விட்டால் பணத்தை எடுப்பது தடைப்பட்டு நிற்கிறது. இவற்றை அவிழ்ப்பதற்குப் படிவம் எது, யார் கையெழுத்து, எந்த அலுவலகம் என்று தெரிந்த மனிதர் வேண்டும்.

ஹெச்.ஆர். எப்படியும் நிர்வாகத்தின் ஆள், இதையெல்லாம் கற்று என்ன ஆகப்போகிறது என்று சங்கத்துக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். நிர்வாகம்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 78 நாள் என்பது நிர்வாகம் சொன்னதல்ல, சட்டம் சொன்னது. அதைத் தெரிந்த ஹெச்.ஆருக்கு, மேலதிகாரியிடம் "இது கூடாது" என்று சொல்ல ஒரு காகிதம் கையில் இருக்கும். தெரியாதவரிடம் கெஞ்சல் மட்டும்தான் இருக்கும், இரண்டு பக்கமும்.

சட்டம் தெரியாத இந்த நிலை அப்ரண்டிஸ் பிள்ளைகளிடமும் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி அவர்கள் பயிற்சி பெறுபவர்கள், தொழிலாளர்கள் அல்லர். கையில் வருவது ஸ்டைபண்ட். பி.எஃப்., இ.எஸ்.ஐ. அவர்களுக்குக் கிடையாது. ஆனால் பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு கொடுக்க வேண்டியது நிறுவனம் என்று அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாளில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் படிக்கவில்லை. தன் ஒப்பந்தத்தையே படிக்காத ஒருத்தி அடுத்தவர் ஒப்பந்தத்தை எப்படிக் காப்பாற்றுவாள்?

இப்போது வேறொரு நிறுவனத்தில் அப்ரண்டிஸ்களுக்கு நான் பொறுப்பு. முதல் மாதம் அவர்கள் உட்காருவது டைம் ஆபீசில். முந்தைய மாத மஸ்டர் ரோலை எடுத்து, பத்துப் பேருடைய சம்பளத்தைக் கையால் போட்டு, சிஸ்டம் போட்டதோடு ஒத்துப்பார்க்க வேண்டும். இதற்கா எம்.பி.ஏ. படித்தோம் என்று முகம் சுருங்குகிறவர்கள் உண்டு. அவர்களிடம் ராஜாஜிநகர் ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு பையன் புதிதாகச் சேர்ந்த ஹவுஸ்கீப்பிங் ஆட்களின் படிவங்களைக் கட்டாகக் கொண்டுவந்து வைத்தான். எல்லாவற்றிலும் பழைய எண் கட்டத்தில் "இல்லை" என்றே இருந்தது.

"நீ நேர்ல கேட்டியா?"

"இல்லைங்க மேடம், அவங்க கான்ட்ராக்டர்தான் நிரப்பிக் குடுத்தாரு."

"போய்க் கேளு. ஒவ்வொருத்தரையும்."

மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அவன் மாடிப்படிக்கு அடியில் அவர்களோடு உட்கார்ந்திருந்தான். மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது அவன் கையில் நான்கு பேருடைய பழைய அட்டைகளின் ஜெராக்ஸ் இருந்தது.