கால்வாய் மோகமும் பிலிகுண்டுலுவின் கணக்கும்

பிரெஞ்சுக் கால்வாய்களில் படகில் சென்றுவந்த அனுபவத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பெருமூச்சோடுதான் கட்டுரையை முடிக்கிறார்கள்: 'நம் ஊரில் இப்படியொரு பயணம் வாய்க்குமா?' ஒசூர்த் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் முடித்துவந்து வாசிக்கிற எங்களில் சிலருக்கு இந்தப் பெருமூச்சு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

கனால் டு மிடி அழகானதுதான், மறுப்பதற்கில்லை. 1666இல் தொடங்கப்பட்டு 1681இல் திறக்கப்பட்ட அந்த 240 கிலோமீட்டர் நீர்வழியில், உப்புவரி வசூலித்துப் பொருள் ஈட்டிய பியர் பால் ரிக்கே தம் சொத்தையும் கரைத்தார். திறப்பைக் காணாமலே மறைந்தார். ஆனால் சரக்குப் படகுகள் போய் உல்லாசப் படகுகள் வந்த பின்னும் அந்த நாட்டில் ஏறத்தாழ 6,700 கிலோமீட்டர் நீர்வழியைப் பேணுவதற்கென்றே ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. நம் பயணிகள் வியப்பது இந்தப் பேணுதலைத்தான். அதை ஐரோப்பிய ரசனை என்று தவறாகப் பெயரிடுகிறார்கள்.

நம்மிடம் என்ன இருந்தது? 1934இல் பாரதிதாசன் நண்பர்களோடு பக்கிங்காம் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனார். 'மாவலிபுரச் செலவு' அப்படிப் பிறந்ததுதான். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர், 1877-78 பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வெட்டியவை பசித்த கைகள். பிற்பாடு அதே கால்வாயில் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டோம். இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம். நீர்வழி இல்லாத நாடு என்று அங்கலாய்க்க நமக்கு என்ன உரிமை?

அது போகட்டும், தொலைவு. நாட்றாம்பாளையத்துப் பக்கம் வாருங்கள். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கலுக்குப் போகும் காட்டுச் சாலையில் இருக்கிறது இவ்வூர். இதையொட்டிய பிலிகுண்டுலுவில் காவிரி இரு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடுகிறது. தமிழ் வாசகருக்கு இந்தப் பெயர் ஒரு நீரளவை நிலையமாக மட்டுமே தெரியும். 2007இல் நடுவர் மன்றம் சொன்ன 192 டி.எம்.சி., 2018இல் உச்ச நீதிமன்றம் குறைத்த 177.25 டி.எம்.சி., இவ்வளவுதான் நமக்குப் பிலிகுண்டுலு. ஆற்றை எண்ணாக்கிவிட்டோம். எஞ்சியதை ஒகேனக்கலில் எண்ணெய்க் குளியலுக்கும் மீன் வறுவலுக்கும் ஒதுக்கிவிட்டோம். (நாங்களும் அந்த மீனைத் தின்றவர்கள்தாம்.)

இதே நீரில்தான் பரிசல் ஓடுகிறது. மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முன்னாளில் தோலும் இந்நாளில் பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்தி, தார் பூசிய கலம். முன்னும் பின்னும் அதற்கு இல்லை. ஒற்றைத் துடுப்பைக் கொண்டு, சுழல விரும்பும் ஒரு வட்டத்தை நேர்கோட்டில் செலுத்துவது எளிய வித்தையா? பாறை நிறைந்த ஆழமற்ற நீரில் கீலுள்ள படகு உடைந்துபோகும். தட்டை அடியுள்ள பரிசல் வழுக்கிச் செல்லும். கரை வந்ததும் தலையில் கவிழ்த்துச் சுமந்துபோகலாம். இதைச் சுற்றுலா விளையாட்டுப் பொருளாக மட்டும் பார்க்கும் கண்தான் துலூஸில் கவிதை காண்கிறது.

'பரிசல் பயணமாகாது, அது வெறும் துறை கடத்தல்' என்று சிலர் வாதிடக்கூடும். ஸ்டீவன்சன் 1878இல் வெளியிட்ட பிரெஞ்சு நீர்வழிப் பயண நூலில் வருவது சொகுசுப் படகன்று, சிறு துடுப்புத் தோணி. மழையில் நனைந்து, தெருவில் விற்கும் வியாபாரி என்று எண்ணப்பட்டு, விடுதி வாசலில் விரட்டப்பட்ட கதை அது. சிட்டியும் தி. ஜானகிராமனும் 'நடந்தாய் வாழி காவேரி'க்காகக் காவிரிக் கரையெல்லாம் அலைந்ததும் நம் மொழியில்தான் நடந்தது. நூல் வந்தது 1971இல். அரை நூற்றாண்டு கடந்தும் துடுப்புப் பிடிப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதப்பட்ட பக்கங்கள் எத்தனை?

நீர்வரத்து கூடும்போது ஒகேனக்கலில் பரிசலுக்குத் தடை விதிக்கிறார்கள். அது நியாயமே, உயிர் சம்பந்தப்பட்டது. மறுநாள் செய்தித்தாளில் 'சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம்' என்று தலைப்பு வருகிறது. துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வெள்ளம் வடியக் காத்திருப்பவரின் அன்றைய கூலி அந்தச் செய்தியில் இல்லை. நம் பயணக் கட்டுரைகளிலும் இல்லை.