மூப்பும் முறைமையும்

மாணவர்களே! உங்கள் இல்லத்தில் பாட்டனாரோ பாட்டியாரோ இருப்பாராயின், அவரைக் குறித்துப் பிறர் கூறும் ஒரு சொல்லை நீங்கள் பன்முறை கேட்டிருப்பீர்கள். “வயதான காலத்தில் இது எதற்கு?” என்பதே அது. முதியவர் உரக்கச் சிரித்தால் அச்சொல் எழும். நிறம் மிகுந்த புடைவை உடுத்தினால் எழும். புதிதாக ஒன்றைக் கற்க விரும்பினாலோ தவறாமல் எழும். ஒரு மூலையில் அமர்ந்து, இட்டதை உண்டு, கேட்டபோது மட்டும் வாய் திறப்பவரே நல்ல முதியவர் என்று உலகம் கருதுகின்றது.

முதியோர்க்கு ஒழுங்கே வேண்டா என்று யான் கூறவில்லை. சொல்லில் அளவும் சினத்தில் அடக்கமும் நரை கண்டவரிடத்து எதிர்பார்க்கத் தக்கனவே. (இவ்விரண்டிலும் யான் தேறிவிட்டதாக என் வீட்டார் ஒப்பமாட்டார்கள்.) ஆயின், அடக்கத்தை வேண்டுகின்ற நாம், அதனோடு ஆர்வத்தையும் அடக்கிவிடுகின்றோம்.

புறநானூற்றின் 243-ஆம் பாட்டு, தண்டூன்றி நடக்கும் முதியவர் ஒருவர் தம் இளமையை நினைந்து பாடியது. நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையினின்று குதித்து, ஆழ்ந்த மடுவின் அடிமணலை அள்ளி வந்த நாளை அவர் எண்ணி இரங்குகின்றார். இளமை நிலையாதது என்பதற்கு இப்பாட்டைச் சான்றாகக் காட்டியே யான் பல ஆண்டுகள் பாடம் நடத்தினேன். இன்று யானே முதியவனான பின் படிக்குங்கால் வேறொன்று புலப்படுகின்றது. உடல் தளர்ந்ததேயன்றி அவருள்ளத்தில் வேட்கை தளரவில்லை. அதனை அவர் மறைக்கவும் இல்லை. நம் முன்னோரும் அப்பாட்டை இழுக்கென்று கருதி விலக்கவில்லை.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1855-இல் பிறந்தவர். குறுந்தொகைக்கு உரை வகுத்து அவர் வெளியிட்டது 1937-இல். அப்போது அவர்க்கு 82 வயது. பின்னர் 1940-இல் தம் வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கி, 1942-இல் மறையும் வரை எழுதினார். அது முற்றுப்பெறாமலே நின்றது. ஓய்ந்திருக்க வேண்டிய வயது என்று அவர் எழுதுகோலை வைத்திருப்பின் நமக்கு நேர்ந்திருக்கும் இழப்பை எண்ணிப் பாருங்கள்.

“அவர் பெரும்புலவர், ஏனையோர்க்கு அது பொருந்துமோ?” என்று நீங்கள் வினவலாம். அவ்வினாவிற்கு விடை கூற யான் கூசுகின்றேன், எனினும் கூறுகின்றேன். 1990-களில் அறிவொளி இயக்கத்தார் எங்கள் தெருவில் மாலை வகுப்பு நடத்தினர். என் தாயார் அறுபதைக் கடந்தவர், எழுத்தறியாதவர். ஒருநாள் அவர் என்னிடம், “நானும் போய் உட்காரட்டுமா, தம்பி?” என்று கேட்டார். “பேரன் பேத்தி எடுத்த பிறகு சிலேட்டும் கையுமாய்ப் போனால் ஊர் என்னம்மா சொல்லும்?” என்றேன். பள்ளியில் பிறர் பிள்ளைகட்கு நன்னூல் கற்பித்துக்கொண்டிருந்தவன் யான். அவர் சினங்கொள்ளவில்லை. ‘சரி’ என்று கூறி முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றார். அதன்பின் அப்பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா என்னும் மூதாட்டியார், 2018-ஆம் ஆண்டில், தம் 96-ஆம் வயதில், எழுத்தறிவுத் தேர்வெழுதி 100-க்கு 98 மதிப்பெண் பெற்றார். அவர் வீட்டு வேலையும் கோயில் துப்புரவுப் பணியும் செய்து வாழ்ந்தவர். 2020-இல் இந்திய அரசு அவர்க்கு நாரி சக்தி விருது வழங்கியது. அவர் படத்தைச் செய்தித்தாளில் கண்ட அன்று யான் நெடுநேரம் அத்தாளை மடிக்காமல் வைத்திருந்தேன்.

என் தாயார் அதற்குப் பல்லாண்டுகள் முன்பே மறைந்துவிட்டார். வங்கித் தாளில் அவர் இறுதியாக இட்டதும் பெருவிரற் குறியே. விரலில் படிந்த மையை என் துண்டால் துடைத்துவிட்டவனும் யானே.