செம்புக்குள் ஒளிந்த காந்தம்

கெலாங் பாத்தாவுக்குப் பக்கத்தில், நுசாஜெயா தொழில்நுட்பப் பூங்காவில் தரவு மையங்கள் எழும்பிவிட்டன. அவை குடிக்கும் மின்சாரத்தையும் தண்ணீரையும் பற்றிக் கடைகளில் பேச்சு ஓய்வதில்லை. தரவு எதில் தங்குகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. உலகத் தரவு மையங்களில் சேமிப்பின் பெரும்பங்கு இன்னமும் காந்தத் தட்டுகளில்தான்.

ஹார்டு டிஸ்க்கின் பளபளப்பு வெறும் மேல்தோல். தகவல் அதற்கடியில், ஏறக்குறைய 8 நானோமீட்டர் அகலமுள்ள கோபால்ட் கலவை மணிகளில் இருக்கிறது. 2005இல் சந்தைக்கு வந்த செங்குத்துப் பதிவு முறையில் அதற்கும் கீழே இன்னொரு காந்த அடுக்கு. எழுதுமுனையின் காந்தப்புலத்தைக் கீழிருந்து இழுத்து முனைக்கே திருப்பிவிடுவது அதன் வேலை. எழுதும் பலம் அதனால் கூடுகிறது. அந்த அடுக்கில் ஒரு தகவலும் பதிவாவதில்லை, உழைப்பு மட்டும் அதனுடையது. இத்தகைய தட்டுகளைப் பற்றி 2007இல் விரிவான ஆய்வுக் கட்டுரை எழுதிய எஸ். என். பிரமநாயகம், பின்னர் சிங்கப்பூரின் நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இங்கிருந்து சிங்கப்பூர் செல்லும் இரண்டாவது பாலத்தைத் தாண்டி, துவாஸைக் கடந்தால் அந்த வளாகம்.

தட்டுக்குள் அடுக்கைப் புதைப்பதற்கு அடுத்த படி, உலோகத்துக்குள் புதைந்த ஒற்றை அணுவையே கண்டுபிடிப்பது. செம்பைக் காந்தம் இழுக்காது என்று பள்ளியில் படித்தோம். ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வாளர்கள் அந்தச் செம்புக்குள் சில அணு அடுக்குகள் ஆழத்தில் கோபால்ட் அணுக்களைப் புதைத்தார்கள். மேற்பரப்பைத் தொடாமல், நுண்ணிய ஊசியொன்றின் முனைக்கும் செம்புக்கும் இடையே கசியும் மின்னோட்டத்தை அளந்தார்கள். குளத்தடியில் மீன் புரண்டால் மேலே வளையம் எழுவதுபோல, புதைந்த அணுவில் பட்டுச் சிதறிய எலக்ட்ரான்கள் மேற்பரப்பில் வடிவங்களைக் காட்டின. இது 2009இல் வெளியானது. 2011இல் இன்னும் நுட்பமான செய்தி வந்தது: காந்த அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் கடுங்குளிரில் அதன் காந்தத்தை மூடி மறைக்கின்றன, அப்படி மறைப்பதன் தடயத்தையும் மேலிருந்தே படிக்கலாம். இந்த விளைவுக்கு அடிப்படையான விளக்கத்தை 1964இல் தந்தவர் ஜப்பானியரான ஜுன் கோண்டோ.

புதைத்து வைப்பதில் லாபமும் உண்டு. வெளியே கிடக்கும் அணுவைக் காற்று கெடுத்துவிடும். உள்ளே இருப்பதற்கு உலோகமே காவல். ஆனால் ஒற்றை அணுவில் தகவலை எழுதி, சாதாரண வெப்பத்தில் கலையாமல் காப்பது இன்னும் எட்டாத வேலை.

தரவு மையத்தில் காவலுக்கும் குளிரூட்டிக்கும் ஆள் எடுப்பார்கள், நம் பிள்ளைகள் போவார்கள், அதில் குறையில்லை. அந்தத் தட்டை வடிவமைக்கும் படிப்புக்கும் சிலர் போகவேண்டும். இரும்புத்தூளோடு நின்றுபோகும் காந்தப் பாடத்துக்குப் பிறகு இப்படியொரு உலகம் இருப்பதை ஆசிரியர்கள் ஒரு வகுப்பிலாவது சொன்னால், வழி கேட்கிற பிள்ளை கேட்கும்.