வட்டி ஹராம் என்றோம். கணக்கைச் சொல்லிக் கொடுத்தோமா?

பட்டு நூலின் நுனியை எரித்து, மணம் பார்த்து வாங்கத் தெரிந்த ஊர் ஆரணி. அவ்வூரிலும் ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் கிளையை நாடிப் பணத்துடன் சென்றனர் மக்கள். மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாக வாக்கு! 2022 மே மாதம் பொருளாதாரக் குற்றப் பிரிவினர் சோதனையிட்டனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகக் காவல்துறை கூறியது.

ஏமாந்தோர் கல்லாதவர் என்று தட்டிக்கழிக்க இயலாது. வங்கி வட்டியைத் தொடாத பட்டதாரி இளைஞர் ஒருவர், "ஹஜ்ரத், இது வட்டியன்று, தங்க வியாபார லாபம்" என்று நம்மிடமே வாதிட்டார். தாளில் எழுதிக் காட்டினோம். மாதம் 30 சதவீத லாபத்தை முதலோடு சேர்த்துக்கொண்டே போனால், ஒரு லட்சம் ஓராண்டில் 23 லட்சத்தைத் தாண்டும். எந்தத் தங்கம் இப்படிக் குட்டி போடும்? நஷ்டத்தில் பங்கின்றி முன்பே நிச்சயித்த தொகை, எப்பெயரிட்டாலும் வட்டியே. பாவம், அவருக்கு ஃபிக்ஹும் உதவவில்லை. பெருக்கல் வாய்ப்பாடும் உதவவில்லை.

ஆலிம்களாகிய நம்மீதும் பழி உண்டு. மிம்பரில் ஏறி வட்டி ஹராம் என்று முழங்கிவிட்டு இறங்கிவிடுகிறோம். திருமறையின் மிக நீண்ட வசனம், அல்பகரா 282, கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியதன்றோ? அநாதைகளின் சொத்தை ஒப்படைக்குமுன் அவர்களைச் சோதிக்கப் பணிக்கிறது அந்நிஸா 6. பருவமடைந்தால் போதாது, 'ருஷ்து' எனும் பொருளாளும் பக்குவம் தென்பட வேண்டும். நாமோ, எச்சோதனையுமின்றி, பதினெட்டு வயதுப் பிள்ளையின் கையில் கைப்பேசியையும் ஏ.டி.எம். அட்டையையும் கொடுத்து வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறோம்.

"படிக்கிற பிள்ளையிடம் காசுப் பேச்சு எதற்கு?" என்பர் பெற்றோர். சில நிமிடங்களில் கடன் தரும் செயலிகள் அந்த நாசூக்கைப் பார்ப்பதில்லையே!

கல்லூரி திறக்குமுன், மஹல்லாதோறும் மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே சில நாட்கள் ஒதுக்குவோம். மாத வட்டியை ஆண்டு வட்டியாக மாற்றிப் பார்க்கட்டும். வங்கி வைப்புக்குக்கூட 5 லட்சம் வரைதான் காப்பீடு என அறியட்டும். தோழனுக்காக ஜாமீன் கையெழுத்திட்டால் அக்கடன் தன் தலையிலும் விழும் என்பதை உணரட்டும். மகன்களோடு மகள்களும் வரவேண்டும்.

பள்ளிவாசலில் காசுக் கணக்கா என்று முகம் சுளிப்போர், 'ஹிதாயா'வில் வியாபாரப் பாடம் எத்தனை பக்கம் என்று ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.