வந்தான் வரத்தான் மிளகாய்

மருதானைப் புகையிரத நிலையத்துக்கு அருகே, தேநீர்க் கடையொன்றில், 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த கமக்காரர் ஒருவருடன் அண்மையில் அமர்ந்திருந்தோம். காணி அலுவலாகக் கொழும்புக்கு வந்தவர். பாணைப் பருப்பில் தோய்த்தபடி, "இது எங்கட சாப்பாடே சுவாமி? எங்கட எண்டால் மிளகாய்தான். செம்மண்ணில நான் வைச்ச மிளகாய்" என்றார்.

பாணைப் பற்றி அவர் சொன்னது சரி. பாணும் கோவாவும் போர்த்துக்கேயர் தந்த சொற்கள், போஞ்சி ஒல்லாந்தருடையது. வன்னியில் பேக்கரிகளுக்கு 'வெதுப்பகம்' என்று பலகை எழுதிய காலமும் இருந்தது. சனம் உள்ளே போய்க் கேட்டது என்னவோ பாண்தான்!

ஆனால் மிளகாயும் வந்ததுதான். அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் ஆசியாவுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் நமது கறிக்கு உறைப்புத் தந்தது மிளகு. மிளகைப்போல உறைக்கும் காய் என்பதால் அதற்கு மிளகாய் என்று பெயராயிற்று. சிங்களத்தில் நடந்ததோ இன்னும் வியப்பானது. மிளகுக்குரிய 'மிரிஸ்' என்ற பெயரைப் புதிய காயே எடுத்துக்கொள்ள, பழைய மிளகு 'கம்மிரிஸ்', அதாவது ஊர் மிரிஸ், என்றாயிற்று. வந்தவருக்கு வீடு, வீட்டுக்காரருக்கு விறாந்தை.

இடம்பெயர்ந்தோரை 'வந்தான் வரத்தான்' என்று பேசுவதைக் கோவில் வாசலிலேயே கேட்டிருக்கிறோம். அப்படிப் பேசுவோரின் கறிச்சட்டியில் செத்தல் மிளகாய் இல்லாத நாள் உண்டோ?

நமது கவலை வேறு. மிளகாய்க்குப் பெயர் வைத்தவர்கள் அதை நட்டவர்களும் சமைத்தவர்களுமே. நெல்லுக்கும் அப்படித்தான்: மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள். இன்று விதை மூட்டையில் பி.ஜி. 300, பி.ஜி. 352 என்றிருக்கிறது. பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தின் இனங்கள். 30 என்றால் மூன்று மாதம், 35 என்றால் மூன்றரை. நல்ல விளைச்சல் தருபவை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் நலன்புரி நிலையத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அரிசியின் பெயர் 'நிவாரண அரிசி' மட்டுமே. விதைநெல்லோ ஓரிரு வருடம் மண்ணைக் காணாவிட்டால் முளைப்புத் திறனை இழந்துவிடும்.

கன்னொறுவையிலுள்ள தாவர மரபு வள நிலையத்தில் பழைய நெல்லினங்கள் பல பாதுகாக்கப்படுகின்றன. அங்கு போய்க் கேட்பதற்கும் பெயர் தெரிந்திருக்க வேண்டும். மீள்குடியேறும் ஊரில் விதை கொடுக்க வருவோர், நாம் உட்பட, முதலில் அங்குள்ள முதியவர்களிடம் "என்ன விதைத்தீர்கள், என்னவென்று அழைத்தீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். வீட்டிலும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

அன்று அந்தக் கமக்காரரிடமும் கேட்டோம், அவருடைய தகப்பனார் விதைத்த நெல்லை. மூன்று பெயர் சொன்னார். நாலாவது வரவில்லை. "மனிசிக்குத் தெரியும், பொறுங்கோ" என்று கைத்தொலைபேசியை எடுத்தார்.