மரத்தடிக்கு வெளியே

பிரான்சின் ஒன்பதாம் லூயி என்றால் உலகத்துக்கு ஒரே ஒரு படம்தான். வான்சேன் காட்டில் ஓக் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, காவலர் தடையில்லாமல் வருகிறவர்களின் வழக்கைக் கேட்கும் அரசன். பன்னிரண்டு வயதில் முடிசூடி, 1270இல் துனிஸ் நகருக்கு வெளியே சிலுவைப்போர் முகாமில் நோயுற்று இறந்தவர். 1297இல் திருச்சபை அவரைப் புனிதராக்கிவிட்டது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சுவரில்கூட, சட்டம் தந்தோர் வரிசையில், அவருடைய முகம் சலவைக்கல்லில் இருக்கிறது.

அந்தப் படத்தை வரைந்தவர் ழுவான்வீல். ஏழாம் சிலுவைப்போருக்கு மன்னருடன் கப்பலேறி, 1250இல் எகிப்தில் அவரைப் போலவே சிறைப்பட்டவர். எண்பதைத் தாண்டிய வயதில், 1309இல், மன்னரின் வாழ்க்கையைச் சொல்லும் நூலை முடித்தார். மரத்தடிக் காட்சி அதில் ஒரு பத்தி, அவ்வளவுதான்.

மற்றப் பக்கங்களில் இருப்பவர் வேறு ஆள். தாய் பிளான்ஷுக்குப் பயந்து மனைவியைப் பொந்த்வாஸ் அரண்மனையின் சுழற்படிக்கட்டில் ஒளிந்து சந்திக்கிறார். தெய்வநிந்தனை செய்தவனுக்குச் சூடு போடச் சொல்கிறார். அந்தப் பாவம் நாட்டில் ஒழியுமானால் தனக்கும் சூடு போடலாம் என்கிறார். நன்கு கற்றவர் மட்டுமே யூதரோடு வாதிட வேண்டும், மற்றவர்கள் கிறிஸ்தவ மதத்தைப் பழிப்பவன் வயிற்றில் வாளைச் செருக வேண்டும் என்பது அவர் சொன்ன அறிவுரை. ழுவான்வீலுக்கு இதில் உறுத்தல் இல்லை. மன்னர் மனைவி மக்களைப் பற்றித் தன்னிடம் பேசாமலே இருந்ததுதான் அவருக்குக் குறையாகப் படுகிறது! ஒரு காலத்தின் மனச்சாட்சி எந்த இடத்தில் விழித்தது, எந்த இடத்தில் தூங்கியது என்பதை இதைவிட நேர்மையாக யாரும் எழுதிவைக்க முடியாது.

1247இல் தன் அதிகாரிகள் செய்த அநியாயங்களை விசாரிக்க நாடெங்கும் ஆளனுப்பியவர் லூயி. அதற்கு ஐந்தாண்டு முன்புதான் பாரிசில் யூதரின் சமய நூலான தல்மூத்தின் ஏடுகள் வண்டி வண்டியாக எரிக்கப்பட்டன. 1269இல் யூதர்கள் உடையில் வட்டத் துணி தைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். நல்லவர் ஒருவர், கொடியவர் ஒருவர் என்று அவரை இரண்டாகப் பிரிப்பதில் நமக்கு உடன்பாடில்லை. கடவுளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஒரே அச்சம்தான் ஏழைக்கு நீதியும் யூதருக்குத் தீயும் தந்தது.

நண்பராயினும் ழுவான்வீல், மன்னர் உயிரிழந்த எட்டாம் சிலுவைப்போருக்கு வர மறுத்தார். முன்பு தான் ஊரில் இல்லாதபோது மன்னரின் அதிகாரிகளே தன் குடிகளைச் சூறையாடியதாகக் காரணம் சொன்னார். உடல் தளர்ந்த மன்னரைப் போகத் தூண்டியவர்கள் சாவான பாவம் செய்தார்கள் என்றும் எழுதினார். புனிதர் பட்டத்துக்குச் சாட்சி சொன்னவரும் இதே மனிதர்தான்.

பிரெஞ்சு அறிந்த புதுச்சேரி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்நூலை மூலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவாருங்கள். சுருக்க வேண்டாம்.