ருசிக்குப் பரிசு, விதைக்கு வழக்கு

சிப்ஸுக்குப் புது ருசி ஒன்றைக் கற்பனை செய்து எழுதி அனுப்புங்கள்; ஜெயித்தால் 50 லட்சம் ரூபாய், விற்பனையிலும் நூற்றுக்கு ஒரு பங்கு! 2009இல் பெப்ஸி கம்பெனி தனது 'லேஸ்' சிப்ஸுக்காக நாடெங்கும் இப்படித் தண்டோரா போட்டது. வந்த யோசனைகளில் நான்கைத் தயாரித்துக் கடைக்கு அனுப்பினார்கள். ஜனங்கள் காசு கொடுத்து வாங்கித் தின்று ஓட்டும் போட்டார்கள். 2010இல் 'மஸ்தானா மாங்கோ' ஜெயித்தது.

பிரிட்டனில் 2008இல் இதே கம்பெனி தொடங்கிய போட்டியில் முதலிடம் பெற்ற ருசியின் பெயர் 'கட்டடத் தொழிலாளியின் காலை உணவு'! தொழிலாளி தட்டிலிருந்த முட்டையின் வாசம்கூட முதலாளிக்குச் சரக்காகிவிட்டது.

விளையாட்டை நாம் வெறுப்பவர்களல்ல. கோலப் போட்டியும் சமையல் போட்டியும் நம் ஊரிலும் உண்டு. அந்தப் பந்தல்களிலும் இன்று மசாலாக் கம்பெனியின் பெயர்ப் பலகை தொங்குகிறது. பரிசு ஒருவருக்கு, மற்ற எல்லோரும் கூலியில்லாமல் கம்பெனிக்கு யோசனை சொல்லி, விளம்பரமும் செய்து கொடுக்கிறார்கள்.

சரி, ருசி சொன்னவருக்கு 50 லட்சம். கிழங்கு விளைவித்தவனுக்கு?

2019 ஏப்ரலில் குஜராத் சபர்காந்தா மாவட்டத்தின் 4 விவசாயிகள்மீது இதே கம்பெனி வழக்குப் போட்ட செய்தி நாடெங்கும் பரவியது. தான் பதிவு செய்த சிப்ஸ் கிழங்கு ரகத்தைப் பயிரிட்டார்களாம். தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு வேண்டுமாம்! விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் 2001ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயிக்கு உரிமை தருகிறது. கம்பெனி முத்திரையிட்டு விதையாக விற்கத்தான் கூடாது. விவசாயிகள் சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே மாதமே வழக்கு வாபஸாயிற்று. 2021 டிசம்பரில் கம்பெனியின் ரகப் பதிவே ரத்தாயிற்று. ஆனால் 2024 ஜனவரியில் டில்லி உயர்நீதிமன்றம் அந்த ரத்து உத்தரவைத் தள்ளிவிட்டது.

பெரம்பலூர், அரியலூர் தோழர்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. நம் மானாவாரிக் காடுகளில் மக்காச்சோளம்; அதன் வீரிய விதைக்கு வருஷாவருஷம் கம்பெனியிடம்தான் கையேந்துகிறோம். 2018இல் படைப்புழு வந்து காட்டை மொட்டையடித்தபோது நஷ்டம் யார் தலையில் விழுந்தது? 2025-26க்கு மத்திய சர்க்கார் அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2400 ரூபாய். அதற்குக் கீழே வாங்கும் வியாபாரியைத் தடுக்கச் சட்டம் இல்லை. செட்டிகுளம் சின்ன வெங்காயத்துக்கோ அந்த அறிவிப்பும் கிடையாது. பெண்கள் நாளெல்லாம் குனிந்து பிடுங்கித் தாள் அறுத்த வெங்காயம், விலை ஏறுமென்று போட்ட பட்டறையிலேயே அழுகுகிறது. ஆதரவு விலையைச் சட்டமாக்கு, வெங்காயத்தையும் அதில் சேர் என்று நாம் கேட்பது இதனால்தான்.

நாளை ஏதாவதொரு கம்பெனி நம் ஊரில் வெங்காயத்தால் கோபுரம் கட்டும் போட்டி வைத்தால் தாராளமாகப் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். மேடையில் நிற்பவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஐயா, இந்த வெங்காயத்தைக் கிலோ என்ன விலைக்கு வாங்கினீர்கள்? பிடுங்கியவளுக்கு என்ன கூலி?